தனியாக இருக்கும்போது மட்டும் இறங்கிய கட்டில்

நடந்தவை, வரிசைப்படி:

1. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த தன் அப்பாவுக்கு மகன் எங்கள் கம்பெனியின் மோட்டார் கட்டிலை வாங்கினார். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால்தான் அந்த அப்பாவுக்கு மூச்சு வரும்.
2. எங்கள் ஃபிட்டர் மணி போய்க் கட்டிலைப் பூட்டிக் கொடுத்தார்.
3. முதல் மாதம் புகார் இல்லை.
4. அப்பாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் இருந்த அம்மா, மில் வேலைக்குத் திரும்பினார்.
5. அன்று மதியமே, அப்பா சாய்ந்திருக்கும்போது கட்டிலின் தலைப்பக்கம் தானாக இறங்கித் தட்டையானது. ரிமோட் நழுவிக் கீழே விழுந்தது. இருமல் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார்.
6. மணி போய்ப் பார்த்தார். குறை எதுவும் தெரியவில்லை.
7. அம்மா மறுபடி வேலைக்குப் போனார். கட்டில் மறுபடி இறங்கியது.
8. என்னை அனுப்பினார்கள்.

நான் படித்த பொறியியல் கல்லூரியின் ஆண்டு மலரில் பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதி ஒன்று உண்டு. அதற்கு எழுதும்படி என் துறையின் இப்போதைய மாணவிகள் கேட்டார்கள். எனக்கு வயது முப்பத்தாறு. "ஓய்வா?" என்று சிரித்தேன். "நீங்க செஞ்ச வேலையே இப்ப இல்லையாமே அக்கா, அதனாலதான்" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது சரி. ஆகவே எழுதுகிறேன்.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்றி இறக்கும் கட்டில், சாய்வு நாற்காலி போன்றவற்றில் ஆள் இருக்கிறாரா என்பதைக் கட்டிலே அறிய வேண்டும். யாரும் இல்லாத கட்டில் உயர்ந்து நின்றால் குழந்தைகள் அடியில் புகுவார்கள். அதனால் ஆள் இறங்கிப் போய்ச் சிறிது நேரம் ஆனதும் அது தானாகத் தட்டையாகிவிடும். அறிவதற்கு எங்கள் வழி, மெத்தைக்கு அடியில் மூன்று பட்டைகள்: தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. செம்பு இழை ஓடும் துணிப் பட்டைகள். எடையை அவை அளப்பதில்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது பக்கத்தில் வந்தாலே பட்டையில் தேங்கும் மின்னூட்டத்தின் அளவு மாறும். அந்த மாற்றத்தை ஓர் எண்ணாகப் படிப்போம். ஆள் இல்லாதபோது வரும் எண்ணை முதலில் பதிய வேண்டும். அதற்கு எங்கள் பேச்சில் 'ஜீரோ எடுப்பது' என்று பெயர். சாய்ந்தாலும் இடம் மாறாதது இடுப்பு என்பதால், முடிவு இடுப்புப் பட்டையுடையது: அதன் எண் அந்த ஜீரோவைவிடக் குறிப்பிட்ட அளவு கூடினால் 'ஆள்'. கூடாவிட்டால் 'காலி'.

என் வேலை ஜீரோ எடுப்பது. சேலத்தில் எங்கள் ஆலையின் பின்கோடியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு கட்டில். இரும்பு அலமாரி இல்லை, மின்விசிறி இல்லை, இரண்டாவது நாற்காலி இல்லை. யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தால்கூட எண் அசையும் என்பதால் கதவில் சிவப்பு விளக்கு. பட்டை தொடங்கி மெத்தை, உறை, ஈரம், வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு எடுக்க வேண்டும். ஆள் தேவைப்பட்டபோது நானே ஏறிப் படுத்தேன். ஆண்கள் நிறைந்த ஆலையில், வேறு யாரையும் கூப்பிட்டுப் படுக்கச் சொல்வதைவிட அது எளிது. காலையில் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மதியம் அதில் படுத்துக் கூரையைப் பார்ப்பேன். மாலையில் அஸ்தம்பட்டியில் என் மாடி வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, கை தன்போக்கில் எண்ணைக் குறிக்கப் பேனாவைத் தேடும். அங்கும் காலிதான்.

படிப்பு, பயிற்சி, முதல் வேலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், தேர்வானேன், சாலிடரிங் செய்து விரல் சுட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியது என் மேலாளர் தனலட்சுமி மேடத்தைப் பற்றி.

ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. கூர் சீவிய பென்சில் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். எழுதுவதைவிட மேசையில் தட்டுவதற்கே அது அதிகம் பயன்பட்டது. மதியச் சாப்பாட்டை நிறுத்தி வைத்த தன் காரில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். காரணம் யாரும் கேட்கவில்லை. ஓர் அறிக்கையை எடுத்துக்கொண்டு போனால் முழுக்கக் கேட்பார். பிறகு ஒரே கேள்வி:

"இத நீங்க பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

நினைத்தேன் என்று சொன்னால் கோபப்பட மாட்டார். காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பென்சிலைத் தட்டத் தொடங்குவார். நாம் எழுந்து போய்விட வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் வந்த சிக்கல் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவை. எங்கள் பழைய சர்க்யூட் போர்டு, ஜீரோவைத் தானே அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். பருவம் மாறினால், மெத்தையில் ஈரம் ஏறினால், அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் சோதனைக்குப் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது கட்டில் தட்டையாகியிருந்தது. திரையில் 'காலி'. நெடுநேரம் அசையாமல் கிடந்த என்னையே அது புது ஜீரோவாக எடுத்துக்கொண்டிருந்தது. என்னை மெத்தையின் பகுதியாக்கிவிட்டது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"பாத்தீங்களா?"

"தூங்கிட்டேன் மேடம். எந்திரிச்சப்ப பாத்தேன்."

பென்சில் நின்றது. அவர் சிரித்ததை நான் பார்த்த ஒருசில முறைகளில் அது ஒன்று. "அசையாம கெடந்தா ஆளே இல்லைன்னு முடிவு பண்ணிடுதா? இதுல படுக்கப் போறவங்க எல்லாருமே அசையாதவங்கதானே கவிதா?"

அதன்பின் போர்டை மாற்றினோம். வீட்டில் பூட்டும் அன்று எடுத்த ஜீரோவே நிலைக்கும். யாராவது கையால் அழித்தால் ஒழிய மாறாது. ஆகவே அந்த முதல் ஜீரோ மிகச் சரியாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. வடிவமைப்புப் பிரிவு வடக்கே வேறொரு நகரத்தில் இருந்தது. அங்கிருந்து ஃபிட்டர்களுக்கு ஒரு செய்முறைத் தாள் வந்தது. கட்டிலைச் சுற்றிக் கை எட்டும் தூரத்தில் எந்த மனிதரும் இருக்கக் கூடாது, பூட்டுபவரும் விலகி நிற்க வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

இனி எட்டாவது வரி.

நானும் மணியும் திருச்செங்கோடு பேருந்தில் போனோம். வழியெல்லாம் போர்வெல் ரிக் லாரிகள். மணி ராசிபுரத்துக்காரர், என்னைவிட மூத்தவர், தன் வேலையில் குறை சொல்லப்பட்ட வருத்தத்தில் இருந்தார். "நானே அதுல ஏறிப் படுத்தேனுங்க மேடம். ஆள்னு காட்டுச்சு. அந்தண்ணன் படுத்தாரு, ஆள்னு காட்டுச்சு. நாம போனா நல்லா இருக்குது, நாம வந்துட்டா எறங்கிக்குது. பேய்க் கட்டலு."

வீட்டுக்காரர் பெயர் செங்கோட்டுவேல். ரிக் வண்டியில் டிரில்லராக ஒடிசா, சத்தீஸ்கர் என்று போனவர். பாறைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. மகன் இப்போது அதே வண்டியில். தலையணைகள் மேல் சாய்ந்து, சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். விலா எலும்புகளை எண்ணலாம். அவர் மனைவி பாப்பாத்தி அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி" என்றார் அவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தார். "ஆயிரம் அடிக்குக் கீழ... தண்ணி இருக்குதா இல்லியான்னு... சத்தத்த வெச்சே சொல்லுவனுங்க. மேல ஆள் கெடக்கறது... இந்தக் கட்டலுக்குத் தெரியல பாருங்க."

"பேசாதீங்க, எளைக்கும்" என்றார் அக்கா. என்னிடம் திரும்பி, "அம்மிணி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க தெரியோணும். நான் மில்லுக்குப் போலாமா, வேண்டாமா? இந்த வாரம் போகலீன்னா வேற ஆளு போட்டுருவாங்க. பையன் அனுப்பறது மருந்துக்கே பத்தறதில்லீங்க."

பார்க்கிறேன் அக்கா என்றேன்.

கட்டிலோடு என் கணினியை இணைத்தேன். திரையில் மூன்று பட்டைகளின் எண்கள் ஓடின. கீழே: 'ஆள்'. மணி சொன்னது உண்மைதான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த 'ஆள்', எல்லையை மயிரிழையில் தாண்டியிருந்தது. இவ்வளவு பேர் சுற்றி நிற்கும்போது எண் நன்றாக ஏறியிருக்க வேண்டும்.

என் அறையில் நான் பழகியதைச் செய்தேன். எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

"அவர உட்டுட்டா?" என்றார் அக்கா.

"கதவுகிட்டயே நில்லுங்க அக்கா. நான் பிளக்கைக் கையிலயே புடிச்சிருக்கேன். கட்டில் அசைஞ்சா புடுங்கிடுவேன்."

மணி வாசலுக்குப் போனார். அக்கா கணவரின் காலிலிருந்து கையை எடுத்தார், எழுந்தார், பின்வாங்கியபடியே கதவுவரை போனார். அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் இடுப்புப் பட்டையின் எண் இறங்கியது. நான் கணினியின் ஒயரை முழுக்க நீட்டிச் சுவரோடு ஒட்டி நின்றேன். திரை மாறியது.

செங்கோட்டுவேல் அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க அம்மிணி சொல்லுது?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "காலின்னு சொல்லுதுங்க அண்ணா."

அவர் சிரித்தார். அது இருமலில் போய் முடிந்தது. "நெசந்தானுங்க" என்றார்.

அக்கா ஓடிவந்து அவர் முதுகைப் பிடித்தார். திரையில் உடனே 'ஆள்' என்று வந்தது.

அப்போது விளங்கியது. அவர் உடம்பு தனியாக எல்லையைத் தாண்டவில்லை. மனைவி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கையை அவர் மேல் வைத்திருந்தால் தாண்டியது. முதல் மாதம் முழுக்க அக்கா இரவும் பகலும் அந்த விளிம்பிலேயே இருந்தார். கட்டில் ஒழுங்காக இருந்தது. பழுது பார்க்க யார் வந்தாலும் சுற்றி நின்றார்கள். கட்டில் ஒழுங்காக இருந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் போனதும், கட்டில் தன் கணக்குப்படி காலியாகி, தட்டையானது. அந்தக் குறையைப் பார்க்க யாருமே இருந்திருக்க முடியாது. பார்க்க ஒருவர் வந்தாலே அது மறைந்துவிடும்.

அவர் எவ்வளவு மெலிந்தவராக இருந்தாலும் இப்படி ஆகக் கூடாது. ஜீரோவே உயரமாகப் பதிந்திருக்க வேண்டும். மணியைக் கூப்பிட்டேன்.

"ஜீரோ எடுக்கறப்ப கட்டில்மேல என்ன இருந்துச்சுங்க மணி அண்ணா?"

"ஒண்ணுமே இல்லீங்க மேடம்! தாள்ல போட்டிருக்கற மாதிரியே எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிச்சேன். நானும் படிக்கட்டுல போய் நின்னுக்கிட்டேன். ஈ காக்கா இல்ல."

அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் நின்றார். "ஒண்ணுமில்லாம எப்புடிங்க இருக்கும்? புதுக் கட்டல வெறுங்கட்டலா வெப்பாங்களா? அதும் சீக்காளி படுக்கற கட்டலு. நெறகொடம் வெச்சு, சாமி கும்புட்டு, அப்பறந்தான ஆளப் படுக்க வெச்சோம்."

"ஆமாங்க, கொடம் இருந்துச்சு" என்றார் மணி, அதிலென்ன என்பது போல.

அவர் மறைக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படவில்லை. புதுக் கட்டில் வரும் எந்த வீட்டிலும் அவர் பார்த்தது அது. அவர் வீட்டிலும் வைத்திருப்பார்கள். தாள் மனிதர்களை விலக்கச் சொன்னது. மனிதர்களை அவர் விலக்கினார். மெத்தையின் நடுவில், இடுப்புப் பட்டைக்கு நேர் மேலே, கழுத்துவரை தண்ணீர் நிறைந்த பெரிய பித்தளைக் குடம் இருக்க, அதையே 'ஆள் இல்லை' என்று கட்டில் கற்றுக்கொண்டது. எலும்பும் தோலுமான மனிதர் தனியாக அந்தக் குடத்தைத் தாண்ட முடியவில்லை.

மேடத்தை போனில் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் பென்சில் தட்டும் சத்தம் கேட்டது.

"கொடத்த நீங்க பாத்தீங்களா?"

"இல்ல மேடம். சொன்னாங்க."

"அப்ப நெனச்சிருக்கீங்க. பாத்துட்டுக் கூப்பிடுங்க."

அண்ணனை மணி குழந்தையைப் போலத் தூக்கி வாசல் நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா அதே குடத்தைத் தேய்த்து நிரப்பிக் கொண்டுவந்து நடுமெத்தையில் வைத்தார். எல்லோரும் வெளியே. அழிக்காமல் வைத்திருந்த பழைய ஜீரோவும் இப்போது திரையில் ஓடும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. குடத்தை எடுத்ததும் எண் அதற்கும் கீழே விழுந்தது. பார்த்தேன். பழைய ஜீரோவை அழித்தேன். காலிக் கட்டிலுக்கு, உண்மையிலேயே காலியான கட்டிலுக்கு, புதிதாக எடுத்தேன்.

அண்ணனை மறுபடி படுக்க வைத்து, எல்லோரும் விலகினோம். அக்காவை வாசலுக்கும் அப்பால், தெருவுக்கே போகச் சொன்னேன். 'ஆள்' என்று வந்தது. எண் எல்லைக்கு நன்றாக மேலே நின்றது. அவர் கண்ணயர்ந்தார். வெயில் சாயும்வரை நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குபவரின் மூச்சுக்கு ஏற்ப அது மிக லேசாக ஏறி இறங்கியது. பல வருடம் அந்த எண்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் படுத்திருக்க நான் பார்த்தது அன்றுதான்.

வேலை முடிந்தது என்று கிளம்பலாம். ஆனால் அக்கா கேட்ட கேள்வி அப்படியே நின்றது. எங்கள் உத்தரவாத அட்டையில் அதற்கு அச்சடித்த பதில் உண்டு: நோயாளியைக் கட்டிலில் தனியே விடக் கூடாது. அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் எங்கள்மேல் குற்றம் வராது. அவருக்கு வேலை போகும். இன்னொரு வழி, தானாகத் தட்டையாகும் ஏற்பாட்டையே அந்தக் கட்டிலில் நிறுத்திவிடுவது. அந்த வீட்டில் குழந்தைகள் இல்லை; அது தேவையுமில்லை. ஆனால் அதற்கான பூட்டு எண் மேலாளர்களிடம் மட்டும் இருந்தது. வாடிக்கையாளர் கட்டிலில் அதைத் திறக்க அனுமதி இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். "பாத்தேன் மேடம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் சத்தம் இல்லை.

"கவிதா, மொதல்ல அட்டையில இருக்கறதப் படிக்கிறேன். கேட்டுக்கங்க." நிதானமாக, ஒரு சொல் விடாமல் படித்தார். "படிச்சுக் காட்டலைன்னு யாரும் சொல்லக் கூடாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம்."

"இப்ப பேனா எடுங்க. நம்பர் சொல்றேன்."

நிறுத்தினேன். சோதித்தேன். பாப்பாத்தி அக்காவிடம், கட்டில் இனித் தானாக இறங்காது, நீங்களோ அண்ணனோ அமுக்கினால்தான் இறங்கும், இதை நானே பார்த்தேன் என்றேன்.

"மூச்சு முட்டுச்சுன்னா எனக்கு போன் பண்ணுமுங்களா?"

"பண்ணாதுங்க அக்கா. ஆள் இருக்காரா இல்லையான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். எப்படி இருக்காருன்னு தெரியாது."

அக்கா கணவரைப் பார்த்தார்.

"போ புள்ள" என்றார் அண்ணன். "நீ பக்கத்துல குந்தியிருந்தா மட்டும்... எமன் டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போயிருவானாக்கும்?"

"வாயப் பாரு. இந்த எளைப்புலயும் பேச்சுக்குக் கொறச்சல் இல்ல" என்றவர், ரிமோட்டை எடுத்து அது நழுவாதபடி ஒரு நாடாவில் கட்டி அவர் கழுத்தில் மாட்டினார். மறுநாள் மில்லுக்குப் போனார் என்று மணி சொன்னார்.

ஆலைக்குத் திரும்பி, தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று எழுதினேன்: கட்டிலின் மேல் எந்தப் பொருளும், நீர் நிறைந்த குடம் உட்பட, இருக்கக் கூடாது. வடிவமைப்புப் பிரிவினர் எதற்குக் குடம் என்று கேட்டு, படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். வரி சேர்ந்தது. மணி எந்தக் குடும்பத்தையும் தடுக்கவில்லை. குடம் வைத்துக் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அதை எடுத்த பிறகு ஜீரோ எடுத்தார்.

பின்னர் கம்பெனி, கட்டிலின் சட்டத்தில் பொருத்தும் சிறு ரேடார் பெட்டிக்கு மாறியது. மார்பு அசைவதை அது கண்டுகொள்ளும். ஜீரோ தேவையில்லை, அறை தேவையில்லை, நானும் தேவையில்லை. என் அறையில் இப்போது ஸ்பாஞ்ச் அடுக்கியிருக்கிறார்கள். விற்பனைப் பிரிவில் இடம் தருவதாகச் சொன்னார்கள், மறுத்தேன். கடைசி நாளில் தனலட்சுமி மேடம் தன் காருக்கு என்னைக் கூப்பிட்டார். பின்சீட்டில் செய்தித்தாள் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது: குப்பைக்குப் போக இருந்ததில் நல்லதாகத் தேர்ந்தெடுத்த இரண்டு இடுப்புப் பட்டைகள். "அந்தக் கட்டிலுக்கு" என்றார்.

இன்றைய நிலை இது. நான் அஸ்தம்பட்டியில் அதே மாடி வீட்டில் இருக்கிறேன்; வேறு வேலை தேடவில்லை. செங்கோட்டுவேல் அண்ணன் இருக்கிறார். பாப்பாத்தி அக்கா முதல் ஷிஃப்டுக்குப் போகிறார். பகலில் அண்ணன் தனியாகத்தான் இருக்கிறார். இடுப்புப் பட்டையிலிருந்து எண் வராவிட்டால், ரிமோட்டை அமுக்கினாலும் அந்தக் கட்டிலின் மோட்டார் ஓடாது. பழைய பட்டை சென்ற கோடையில் இற்றுப்போனதால், நான் போய் மாற்றி ஜீரோ எடுத்துவிட்டு வந்தேன். என் அலமாரியில் இன்னும் ஒரு பட்டை இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.